பிரிட்டோ என்கிற பிரபு வீட்டுப் பிள்ளை

உங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிரிட்டோ இருந்திருப்பான். கடைசி பெஞ்சில், கொஞ்சம் வாயாடியாக. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டிருக்க மாட்டோம், அவனும் சொல்லியிருக்க மாட்டான். எங்கள் பி.காம். வகுப்பிலும் ஒருவன் இருக்கிறான். "டேய், உன் பேருக்கு என்னடா அர்த்தம்?" என்று போன மாதம் கேட்டபோது தலையைச் சொறிந்தான். மறுநாள் அவன் அம்மா கொடுத்தனுப்பியதாக ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "நீயே படிச்சுக்கோ, என்னை விடு."

படித்தேன். ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்து விருத்தாசலம் வரும் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இருபது பக்கம், கிடைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. நான்கு நாளில் முடிந்தது. அதன் பிறகு நூலகத்தில் கிடைத்ததையும் புரட்டினேன். செமஸ்டர் நேரத்தில் காஸ்ட் அக்கவுண்டன்சியை விட்டுவிட்டு இதைப் படிப்பது பைத்தியக்காரத்தனம்தான், தெரிகிறது. ஆனால் மனசுக்குள் நின்றுவிட்டது, எழுதிவிட்டால்தான் போகும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. எங்கள் ஊர் பூவராக சுவாமி கோயில் ஊர். எங்கள் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளை கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகும்போது அங்கே தர்கா சார்பில் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வார்கள். சின்ன வயதில் இருந்து அதைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்ததால், இன்னொருவர் வீட்டுச் சாமியைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம் இல்லை. பேசினால் மரியாதையோடு பேச வேண்டும் என்பது மட்டும் தெரியும். விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலுக்கு எங்கள் தெருவில் இருந்தே வேண்டுதலுக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. அது வீரமாமுனிவர் கட்டியது. அவர் நமக்கெல்லாம் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் தெரிந்தவர். ஆனால் அவருக்கு முன்னால், இதே மதுரை மிஷனில் வேலை செய்து தலை வெட்டுப்பட்டு இறந்த ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தரைப் பற்றி நம் பக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போனால் அவர் வீட்டு ஆள் மாதிரி. தேவகோட்டையில் அவர் பெயரில் பள்ளிக்கூடம், கருமாத்தூரில் அவர் பெயரில் கல்லூரி, வீட்டுக்கு வீடு பிரிட்டோ, அருளானந்து.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1647 மார்ச் 1ஆம் தேதி லிஸ்பனில் பிறந்தார். சாதாரணக் குடும்பம் இல்லை. அப்பா சல்வதோர் டி பிரிட்டோ பெரைரா, போர்த்துக்கல் அரசின் ஆளுநராகப் பிரேசிலுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்துபோனவர். பையனுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அம்மா வளர்த்தார். பிறகு அரண்மனையில் சேவகச் சிறுவனாகச் சேர்க்கப்பட்டார். சேவகம் என்றால் தட்டு கழுவுவது இல்லை, பிரபு வீட்டுப் பிள்ளைகள் இளவரசர்களோடு சேர்ந்து வளர்வதற்கு அங்கே அதுதான் ஏற்பாடு. அவரைவிட ஒரு வயது சின்னவரான இளவரசர் பெட்ரோவும் இவரும் கூட்டாளிகள். அந்தப் பெட்ரோதான் பிற்பாடு போர்த்துக்கல் ராஜா. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

சிறு வயதில் கடும் காய்ச்சல். பையன் பிழைத்தால் ஒரு வருஷம் இயேசு சபைத் துறவிகளின் அங்கியைப் போட்டு விடுகிறேன் என்று அம்மா பிரான்சிஸ் சவேரியாருக்கு வேண்டிக்கொண்டார். (நம் ஊரில் பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்வதுபோல. எந்த ஊர் அம்மாவாக இருந்தால் என்ன!) பிழைத்தான். ஒரு வருஷம் அரண்மனைக்குள் குட்டித் துறவியாக அந்தக் கறுப்பு அங்கியில் திரிந்தான். வருஷம் முடிந்தது, அங்கி போனது, ஆசை போகவில்லை. 1662 டிசம்பரில், பதினைந்து வயதில், நிஜமாகவே சபையில் சேர்ந்துவிட்டார். 1673இல் குருப்பட்டம் வாங்கிய கையோடு இந்தியாவுக்குக் கப்பல். மகனைத் தடுக்கச் சொல்லி அம்மா போப்பின் தூதர் வரைக்கும் போய்க் கெஞ்சியிருக்கிறார். பலிக்கவில்லை. மார்ச்சில் புறப்பட்டுச் செப்டம்பரில் கோவாவில் இறங்கி, அடுத்த வருஷம் கேரளா வழியாக மலை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டார்.

இதுவரை வாசித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சலிப்புதான். ஏனென்றால் இந்தக் கதை நமக்கு ஏற்கெனவே தெரியும். அரண்மனையை விட்டுப் போன சித்தார்த்தன். அண்ணனுக்காக அரசை வேண்டாம் என்ற இளங்கோ. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்தை விட்டுவிட்டுக் கோவணத்தோடு கிளம்பிய பட்டினத்தார். கத்தோலிக்கர்களிடம் இந்த வரிசை இன்னும் நீளம். சவேரியார் நவார் நாட்டுப் பிரபு குடும்பம், பிரான்சிஸ் போர்ஜியா ஒரு டியூக், கொன்சாகா ஞானப்பிரகாசியார் தன் பட்டத்தைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். இருந்தான், விட்டான், உயர்ந்தான்: எல்லாக் கதைக்கும் இதே பாட்டு.

எனக்கு இந்தப் பாட்டில் ஒரு குறை உண்டு. பணக்காரன் விட்டால்தான் அது தியாகம். இல்லாதவன் வாழ்நாள் முழுக்கக் கூழ் குடித்தால் அதற்குப் பெயர் வறுமை. இரண்டு பேர் சாப்பிடுவதும் ஒரே கூழ்தான். ஒருவர் படம் பீடத்தில் இருக்கிறது, இன்னொருவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அதிலும் பதினைந்து வயதில் விட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பதினைந்து வயதில் நானும் எவ்வளவோ விட்டேன். கணக்குப் பாடத்தை விட்டேன் :-)

அருளானந்தரை நான் மதிக்க ஆரம்பித்த இடம் வேறு. 1686.

அந்த வருஷம் அவர் மதுரை மிஷனின் தலைவர். மறவர் சீமைக்குள் போகிறார். மங்கலம் என்ற ஊரில் பிடித்துவிடுகிறார்கள். அவரையும் உடன் இருந்த உபதேசியார்களையும் கட்டி அடித்திருக்கிறார்கள், குளத்துத் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள், வெயிலில் கல்லின் மேல் படுக்கவைத்து மிதித்திருக்கிறார்கள். சாக வேண்டியவர். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனபோது கிழவன் சேதுபதி விசாரித்து, இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். (இதைக் கவனியுங்கள். "கொடுங்கோல் மன்னன்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்த விடுதலையை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்.)

அடுத்த வருஷம் மிஷன் வேலையாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்படுகிறார். 1687 செப்டம்பரில் லிஸ்பன். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு சொந்த ஊர். உடம்பில் மங்கலத்துத் தழும்பு. சிம்மாசனத்தில் யார்? சின்ன வயதுக் கூட்டாளி பெட்ரோ. இங்கேயே இரு, என் மகனுக்கு ஆசிரியராக இரு என்று ராஜா கேட்கிறார். அம்மாவும் உயிரோடு இருக்கிறார்.

வணிகவியலில் எங்களுக்கு முதல் வருஷமே வாய்ப்புச் செலவு என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்புதான் அந்தத் தேர்வின் உண்மையான விலை. பதினைந்து வயதுப் பையனுக்குத் தான் விடுவதன் விலையும் தெரியாது, வாங்குவதன் விலையும் தெரியாது. நாற்பது வயதுக்காரருக்கு இரண்டும் பைசா சுத்தமாகத் தெரியும். ஒரு பக்கம் அரண்மனை, நண்பன், அம்மா, மரியாதை. இன்னொரு பக்கம் மங்கலம். அதுவும் படித்துத் தெரிந்த மங்கலம் இல்லை, முதுகில் எழுதியிருந்த மங்கலம். அவர் 1690 ஏப்ரலில் மறுபடி கப்பல் ஏறினார். நவம்பரில் கோவா. அங்கிருந்து நேராக எந்தச் சீமைக்குப் போகக் கூடாது என்று சொன்னார்களோ அதே சீமைக்கு.

அவருடைய மதத்தை ஏற்கிறீர்களோ இல்லையோ, இந்த ஒரு முடிவுக்காக எழுந்து நிற்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தகங்கள் 1662க்கு இரண்டு அத்தியாயமும் 1690க்கு இரண்டு பத்தியும் கொடுக்கின்றன. எனக்கு அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு சின்னப் பொருமல். மங்கலத்தில் அடி வாங்கிய உபதேசியார்களுக்கு லிஸ்பனும் இல்லை, ராஜா நண்பனும் இல்லை. அவர்களுக்கு விடுவதற்கு அரண்மனை இல்லாததால் விட்ட கதையும் இல்லை. முதுகு மட்டும் இருந்தது.

இனி அவர் இங்கே வாழ்ந்த விதம். அவருக்கு முன்னால் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலியும் இத்தாலியில் பெரிய இடத்துப் பிள்ளைதான். அவர் பூணூல் போட்டுக்கொண்டு, பிராமண சந்நியாசி மாதிரி வாழ்ந்து, மேல் சாதியாரிடம் பேசினார். அதன் விளைவு, மற்ற சாதிக்காரர்களோடு அவரால் வெளிப்படையாகப் பழக முடியவில்லை. இந்தச் சிக்கலுக்கு மிஷன் கண்டுபிடித்த தீர்வுதான் பண்டாரசாமி. சைவப் பண்டாரங்களைப் போலக் காவி, தலைப்பாகை, கையில் கோல். இவர்கள் மற்ற சாதியாரிடமும் போகலாம். அருளானந்தர் பண்டாரசாமியாக வந்தார். மாமிசம் இல்லை, சோறும் காய்கறியும்தான். லிஸ்பனுக்குத் திரும்பிப் போயிருந்தபோதும் அங்கே விருந்துக்கு நடுவில் இதே சாப்பாட்டையே சாப்பிட்டதாகச் சொல்கிறார்கள்.

பிரபு வீட்டுப் பிள்ளை நம் ஊர்ச் சாதி ஏணியில் நொபிலி நின்ற படியில் இருந்து சில படி கீழே இறங்கி நின்றார். அது நிஜம். ஆனால் ஏணியை யாரும் எடுக்கவில்லை. பண்டாரசாமிகள் காலத்திலும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனி இடம், தனி ஏற்பாடுதான். 1704இல் போப்பின் தூதர் டூர்னோன் புதுச்சேரியில் வைத்துப் போட்ட ஆணையில் தடை செய்த விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? பறையர் வீட்டுக்குள் போய் நோயாளிகளுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் கொடுக்காமல் இருக்கும் வழக்கம். தடை போட வேண்டியிருந்தது என்றால் வழக்கம் இருந்தது என்றுதானே அர்த்தம். இந்தச் சடங்கு வழக்கச் சண்டையால் அருளானந்தரின் புனிதர் பட்டமே வருஷக்கணக்கில் இழுத்தது. அது தடை இல்லை என்று ரோமில் தீர்ப்பு சொன்னதே 1741இல்தான்.

ஏணி அதற்குப் பிறகும் நின்றது. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. நம் காலத்துக்கே வாருங்கள். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்து, மதம் மாறி, 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவர் பெயருக்குப் பின்னால் இருந்த "பிள்ளை"யை வைப்பதா எடுப்பதா என்று எவ்வளவு பேச்சு! கடைசியில் ரோம் அதை எடுத்தது. நான் எடுத்தது சரி என்ற கட்சி. சொர்க்கத்துக்குப் போன பிறகும் இனிஷியல் மாதிரி சாதியைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமா? அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே எல்லோரோடும் கலந்து பழகியதுதான் அவர் மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம் என்கிறபோது?

சரி, 1693க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

மறவர் சீமையில் தடியத் தேவர் என்று ஒரு பிரபு. பழைய சேதுபதி வம்சத்தைச் சேர்ந்தவர், அரசுரிமை கோரக்கூடியவர் என்று எண்ணப்பட்டவர். அதாவது கிழவன் சேதுபதிக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற ஆள். அவருக்குக் கடுமையான நோய். உபதேசியார் வந்து வேதம் வாசித்து ஜெபித்தபின் குணமானதாகக் கதை. அவர் ஞானஸ்நானம் கேட்டார். அருளானந்தர் ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு மனைவிதான் இருக்கலாம். தடியத் தேவருக்கு ஐந்து மனைவிகள். முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களைச் சகோதரிகளாக நினைத்துக் காப்பாற்றுவேன் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்கள். விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் நெருங்கிய உறவுக்காரப் பெண். அவள் அழுதுகொண்டு போய் முறையிட்டாள். 1693 ஜனவரி 6 ஞானஸ்நானம், ஜனவரி 8 கைது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓரியூருக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 4ஆம் தேதி, அந்த வருஷம் அது திருநீற்றுப் புதன், தலை வெட்டப்பட்டது. நாற்பத்தாறு வயது ஆக இன்னும் ஒரு மாதம் இருந்தது. முதல் நாள் சிறையில் கரியைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்தக் கதையை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை. அச்சில் ஊற்றி எடுத்த பொம்மை காய்ந்ததும் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்குப் போக அடுக்கி வைப்பது அவர் வேலை. பிள்ளையார், கிருஷ்ணர், மாதா, கைகூப்புகிற பொம்மை எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போகும். எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பிள்ளை இல்லை என்று மாமா இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு இவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "கொஞ்ச நாள் அம்மா வீட்ல இருக்கட்டும்" என்றாராம். அந்தக் கொஞ்ச நாள் இருபத்தி மூன்று வருஷமாக ஓடுகிறது.

நான் ஓரியூர் வரைக்கும் சொல்லி முடித்தேன். பாட்டி "பாவம், நல்ல மனுஷன்" என்றார். அத்தை முறத்தில் இருந்து தலையை எடுக்காமல் கேட்டார்: "அந்தப் பொண்ணு என்னா ஆச்சு?"

"எந்தப் பொண்ணு?"

"அனுப்பிச்சாங்கன்னு சொன்னியே. நாலு பேரு. அவங்க எங்க போனாங்க?"

புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அருளானந்தர் கையில் இருந்த கத்தித் தழும்பு வரைக்கும் இருக்கிறது. மற்ற மூன்று பேருக்குப் பெயர் கூட இல்லை. இளையவளுக்கு இடம் உண்டு, வில்லியாக. யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் முழுக்கத் திட்டு. பெயரும் பொருந்துகிறது பாருங்கள், அவரும் யோவான், இவரும் யோவான். அழகான ஒப்பீடு. ஆனால் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஏரோதியாள் வேண்டாத இடத்தில் வந்து சேர்ந்தவள். இந்தப் பெண் ஊரறிய, முறைப்படி கட்டிக்கொடுக்கப்பட்டவள். ஒரு நாள் காலையில் கணவன் வந்து, எனக்கு உடம்பு குணமாகிவிட்டது, புது தெய்வம் கிடைத்துவிட்டது, இனி நீ எனக்குத் தங்கை என்கிறான். அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்? நன்றி சொல்லிவிட்டு மூலையில் உட்கார வேண்டுமா? தன் பிறந்த வீட்டில் போய்ச் சொன்னாள். என் அத்தையும் அதைத்தான் செய்தார். அத்தையின் பிறந்த வீட்டில் சேதுபதி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பாடத்தில் இரட்டைப் பதிவு முறை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வரவுக்கும் எதிரில் ஒரு பற்று இருந்தே தீர வேண்டும். அதை 1494இல் முதலில் அச்சில் போட்ட லூக்கா பாசியோலியும் ஒரு கத்தோலிக்கத் துறவிதான். பிரான்சிஸ்கன் சபை. தடியத் தேவர் ஆத்துமா வரவு என்று அருளானந்தர் பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் நான்கு பெண்கள் பற்று. அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கணக்கு சரியாக வந்துவிட்டது என்றால், எங்கள் ஆசிரியர் பேப்பரைக் கிழித்துப் போடுவார்.

இப்போது என்னை நானே கொஞ்சம் மடக்கிப் பார்க்கிறேன். அருளானந்தர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஐந்து மனைவியும் இருக்கட்டும், பரவாயில்லை, நீ பெரிய இடம் என்று ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். அரசுரிமை உள்ள ஒரு பிரபுவைக் கையில் போட்டுக்கொள்ள அது சுலபமான வழி. அவர் அதைச் செய்யவில்லை. பணக்காரனுக்கு ஒரு சட்டம், ஏழைக்கு ஒரு சட்டம் என்று வைக்காததற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். ஒருவனுக்கு ஒருத்தி என்பது பெண்களுக்கு எதிரான விதியும் இல்லை. அந்தக் காலத்தில் பல மனைவிகள் என்றால் என்ன என்பதற்கு ஒரு சாட்சி போதும்: 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய 47 மனைவிகள் உடன்கட்டை ஏறியதாக எழுதியிருக்கிறார்கள். நாற்பத்தேழு! அந்த எண்ணை வாசித்தபின் பலதார வழக்கத்துக்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது.

ஆக விதி நல்ல விதி. பிரச்சினை அது பின்தேதியிட்டு அமலுக்கு வந்ததில் இருக்கிறது.

இதே விதி நமக்கும் பிறகு வந்ததே. சென்னை மாகாணத்தில் 1949இல் இந்து இருதாரத் தடைச் சட்டம், அப்புறம் நாடு முழுக்க 1955இல் இந்துத் திருமணச் சட்டம். அருளானந்தர் கேட்டதை அரசாங்கம் கேட்க 262 வருஷம் ஆனது. ஆனால் 1955 சட்டம் எழுதியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சட்டத்துக்கு முன்னாலேயே நடந்திருந்த இரண்டாம் கல்யாணங்களைச் செல்லாது என்று அடிக்கவில்லை. ஏற்கெனவே மனைவியாக இருந்தவள் மனைவிதான். அவளுக்கு இஷ்டம் இல்லை என்றால் விவாகரத்து கேட்டு வெளியே போகலாம். அடுத்த வருஷம் 1956 சட்டத்தில், கணவனுக்கு வேறு மனைவி இருந்தால் தனியாக இருந்துகொண்டே ஜீவனாம்சம் வாங்கும் உரிமையும் வந்தது. அதாவது போவதா இருப்பதா என்கிற முடிவு அவள் கையில். 1693இல் இந்த முடிவை எடுத்தவர்கள் இரண்டு ஆண்கள். ஒருவர் குளிக்கப் போகிறவர், ஒருவர் தண்ணீர் ஊற்றப் போகிறவர். அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை.

(என் அத்தையை? அத்தைக்கு இந்தச் சட்டம் எல்லாம் இருந்தது. மாமா செய்தது சட்டப்படி குற்றம். வழக்கு போட வேண்டும் என்று அப்பா இரண்டு தடவை கிளம்பினார், பாட்டி மானம் போகும் என்று தடுத்துவிட்டார். எனவே சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்ல வரவில்லை.)

இன்னொரு பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். அருளானந்தரின் அம்மா. மகன் கொல்லப்பட்ட செய்தி லிஸ்பனுக்கு எட்டியதும் ராஜா பெட்ரோ அவரை அரண்மனைக்கு அழைத்தார். கறுப்பு உடுத்த வேண்டிய தாய், விசேஷத்துக்குப் போவது மாதிரி உடுத்திக்கொண்டு போனார் என்று சொல்லப்படுகிறது. புத்தகத்தில் இந்த இடத்துக்குப் படமே போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க வேறு ஏதோ தோன்றியது. கப்பல் ஏறாதே என்று தூதர் வரைக்கும் போய்க் கெஞ்சிய அதே அம்மாதானே இவர். இருபது வருஷம் கழித்துப் பட்டுடுத்தி நின்றபோது உள்ளே என்ன ஓடியிருக்கும்? அழுத பெண்ணுக்கு ஏரோதியாள் பட்டம், அழாத பெண்ணுக்குப் படம். அழுவதற்குக் கூட நாம் அனுமதி சீட்டு கொடுக்கிறோம் போலிருக்கிறது.

வகுப்பில் இதைப் பேசியபோது இரண்டு பக்கமும் அடி விழுந்தது. ஒரு நண்பன், "அவன் போர்ச்சுகல்காரன் ஏஜெண்டு, அவனுக்கு எதுக்குடா இவ்ளோ மரியாதை" என்றான். மறவர் சீமையில் போர்த்துக்கீசியருக்கு ஒரு சிப்பாய் கூட இல்லை. ராஜாவின் நண்பனுக்காக ஒரு கப்பலும் வரவில்லை. ஏஜெண்டு என்றால் இவ்வளவு மோசமான கம்பெனியில் யாரும் வேலைக்குச் சேர மாட்டார்கள். புத்தகம் கொடுத்த நம்ம ஆளோ, "எங்க சாமியைப் போய் அத்தையோட மாமாகூட சேர்த்துட்டியே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்படி இல்லைடா. என் மாமா தனக்காக விட்டார். அருளானந்தர் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை, கடைசியில் தலையையும் சேர்த்து. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிவதால்தான் அந்த நாலு பேரையும் அவர் கதைக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன். மோசமான ஆள் கதையில் அவர்களைத் தேடி என்ன பயன்?

1853இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம், 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டம். நம் சுதந்திரத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம். ஓரியூரில் அவர் ரத்தம் விழுந்த இடத்தில் மண் செக்கச் செவேல் என்று இருக்குமாம். போகிறவர்கள் ஒரு பிடி எடுத்து வருகிறார்கள். சாதி மதம் பார்ப்பதில்லை. மறவர் வீட்டுப் பெண்களும் பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள் என்று நம்ம ஆளின் அம்மா போனில் சொன்னார்.

பரீட்சை முடிந்ததும் அவனோடு ஓரியூர் போவதாக இருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன் இரண்டு நாளில் இறங்கி வந்துவிட்டான், பஸ் செலவில் பாதி அவனுடையது. அத்தையிடம் சொன்னேன். "மண்ணு எடுத்தாரட்டா?" என்று கேட்டேன், சும்மா விளையாட்டுக்கு.

"மண்ணுதான் தினமும் பாக்கறனே," என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஊர்ல வயசான பொம்பளைங்க இருந்தா கேட்டுட்டு வா, அந்தப் பொண்ணுங்கள பத்தி. புஸ்தகத்துல இல்லன்னா என்னா, யாராச்சும் சொல்லிட்டு வந்திருப்பாங்க."